மாதா சுரூபத்துக்கு அடியில் ஒரு கேப்டன்

பள்ளி மலருக்கு எழுதித் தா என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, கூடவே கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டுவிட்டீர்கள். இனி தப்பிக்க வழியில்லை. 'நம் வீட்டுப் படைவீரர்கள்' பக்கமாம். உங்கள் சித்தப்பா, மாமனார், கொழுந்தன் என்று இதுவரை வந்த படங்களையெல்லாம் பார்த்தேன். அத்தனையும் மீசை. நம் கடலூரில் இத்தனை மீசை இருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். கேலி செய்யவில்லை. ஒவ்வொரு கதையையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் படித்தேன். பனியில் கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவரைப் பற்றி எழுதியிருந்தவளே, உன் மாமனாரை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

நான் அனுப்பும் படத்தில் மீசை இருக்காது. அது என் பெரிய அத்தை, அப்பாவின் தங்கை. உங்களில் கடலூர் ஓல்டு டவுன், அதாவது நம் ஓ.டி., பிள்ளைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "உங்க வீட்டுல ஒரு அத்தை பாதி கன்னியாஸ்திரீ இல்ல?" என்று போன கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருத்தி என்னிடம் கேட்டாள். அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியும் காது மட்டும் கூர்மை. "பாதியா? அதையும் குறைச்சுட்டாங்களா?" என்றார்.

பங்களாதேஷுக்காகக் கிழக்கே சண்டை நடந்து முடிந்ததே, அதற்கு அடுத்த கோடை. நமக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்திருந்தது. பண்ருட்டிப் பலாப்பழம் வண்டி வண்டியாக இறங்கி, சந்தைத் தெருவே பிசுபிசுவென்று இருந்த மாதம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, சின்ன அத்தை, நான். தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாதான் தங்கைகள் இரண்டு பேருக்கும் தகப்பன். அவர் செய்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும்.

கூத்து இதுதான். பெரிய அத்தை நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, வீட்டில் சண்டை போட்டு, ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்குத் தெரிந்தால் சின்னத் தங்கைக்கு வரன் வராது என்று அப்பாவுக்குக் கிலி. பட்டாளத்தில் இருக்கும் பெண் என்றால் அந்தக் காலத்தில் ஊர் வாய் என்னென்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில் வாசலில் யாரோ, "பெரிய தங்கச்சி எங்க காணோம்?" என்று கேட்க, அப்பா அவசரத்தில், "வடக்க, மடத்து ஆஸ்பத்திரியில இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மடத்து ஆஸ்பத்திரி, கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன பெண், வெள்ளை உடுப்பு. மீதியைப் பங்குச் சனங்களே கட்டிக்கொண்டார்கள். ராணுவ நர்ஸ்கள் அப்போது கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? கர்த்தருக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை என்று முடிவாகிவிட்டது.

அத்தை நீண்ட லீவில் வந்து இறங்கியது தேவ அழைத்தல் ஞாயிறுக்கு முந்தின நாள். அந்த ஞாயிறு பூசையில் நம் பங்குச் சாமியார் ஒரு வழக்கம் வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? நம் பங்கிலிருந்து குருவாகவும் கன்னியாஸ்திரீயாகவும் போன பிள்ளைகளின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். அதற்கப்புறம் பட்டாளத்துப் பிள்ளைகளின் பெயர்கள். அவர்கள் வீட்டாரும் எழுந்து நிற்க வேண்டும். முதல் வரிசைப் பெயர்களோடு பெரிய அத்தையின் பெயரையும் வாசித்தார். அப்பா எழுந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பெரிய அத்தை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பெயராக வந்து போயிற்று. அவர் பெயர் வரவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஓர் அம்மாள் தன் பேரனை இழுத்துக்கொண்டு வந்து, "தலையில கைய வச்சு ஜெபிச்சு உடும்மா, சோறே திங்க மாட்டேங்குறான்" என்றாள். அத்தை அவன் தலையில் கை வைக்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "ஒடம்புல ரத்தமே இல்ல. வயித்துல பூச்சி. மாத்திரை கொடுங்க, முருங்கைக்கீரை கொடுங்க. அப்புறம் ஜெபம் பண்ணலாம்" என்றார். "எவ்ளோ தாழ்ச்சி பாத்தியா" என்று அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லி உருகிப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டு வரிசையிலயும் என்னைச் சேக்காம உட்டிருந்தாகூடப் பரவாயில்லண்ணே."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டியபடியே, "சின்னவ கல்யாணம் முடியட்டும் பாப்பா. அப்புறம் ஒலிபெருக்கி வச்சே சொல்றேன்" என்றார். அவருக்குப் பெரிய அத்தை கடைசிவரை பாப்பாதான்.

அத்தையின் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பச்சை நிற இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஒரு நம்பர், கேப்டன் என்ற பதவி, பிறகு பெயர். அந்த எழுத்துகள் வெளியே தெரியாமல் இருக்க அப்பா ஒரு வேலை செய்தார். பூப்போட்ட மேசைவிரிப்பைப் பெட்டிமேல் விரித்து, அதன்மேல் எங்கள் வீட்டு மாதா சுரூபத்தைத் தூக்கி வைத்து, முன்னால் மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார். இனி எவன் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பான்? வந்தவர்களெல்லாம் பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். அத்தைக்கு மாற்றுச் சேலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் மாதாவை இறக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் டெட்டாலும் பாச்சா உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். அந்தப் பெட்டி எந்த வீடு மாறும்போது போயிற்று என்று தெரியவில்லை. இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் எனக்கு அந்தப் பெட்டி திறக்கிறது.

சின்ன அத்தைக்குச் சிதம்பரத்தில் ஒரு வரன் பேசி முடித்திருந்தார்கள். நம்மைப் போல வேதக்காரர்கள்தான், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மே மாதக் கடைசியில் கல்யாணம். பெரிய அத்தை அதற்காகத்தான் லீவு போட்டு வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். ஒருநாள் மத்தியானம் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். அப்போது பெரிய அத்தை, "நான் சிதம்பரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாம அங்க போகக் கூடாதே" என்றாள் அம்மா.

"சம்பந்தி வீட்டுக்கு இல்லண்ணி. ஒரு பையனோட அம்மாவைப் பாக்கணும்."

அப்புறம்தான் விஷயம் வந்தது. சண்டையில் அடிபட்டு அத்தையின் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் சிதம்பரத்துப் பையன் ஒருவன் இருந்தான். எந்த வார்டில் தமிழ்க்காரன் வந்தாலும் பேச்சுத் துணைக்கு அத்தையைத்தான் கூப்பிடுவார்களாம். அவன் பிழைக்கவில்லை. போகும் முன் அத்தையிடம் ஒன்று கேட்டிருந்தான். அம்மாவை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. அத்தையும் சரி என்று சொல்லியிருந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டை நகர்த்திவைத்தார். "எங்க வீடாம்?"

"மேல வீதிக்குப் பின்னாடி. அந்த அம்மா பூ கட்டி வீடு வீடாக் கொடுக்குறாங்க."

"மாப்பிள்ளை வீடு அங்கதான இருக்கு! ரெண்டு தெரு தள்ளி!" அப்பா எழுந்தே விட்டார். "பூக்காரிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. ஏன், ஒரு காயிதம் போட்டுடேன்."

"அவுங்களுக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. போஸ்ட்மேனா படிச்சுச் சொல்லுவாரு? அது போஸ்ட்மேன் சொல்ற சமாச்சாரம் இல்ல."

"கல்யாணம் முடிஞ்சு போ."

"கல்யாணத்துக்கு மறுநாள் நான் வண்டி ஏறணும். அடுத்த லீவு எப்பன்னு எனக்கே தெரியாது. அந்த அம்மா அதுவரைக்கும் காத்துக் கெடக்கணுமா?"

அப்பா கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தார். கடைசியில் இறங்கி வந்தார். "சரி, போ. மடத்து ஆஸ்பத்திரி நர்ஸுன்னே சொல்லிக்க. ஒத்தாசைக்குப் போன எடத்துல அவனைப் பாத்தேன்னு சொல்லு. பட்டாளம்னு மட்டும் வாய தொறக்காத. உன் தங்கச்சி வாழ்க்கை."

சாயங்காலம் பெரிய அத்தை மாதாவை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். வெள்ளை உடுப்பை எடுத்துச் சோற்றுக் கஞ்சியில் முக்கிக் காயப் போட்டார். மறுநாள் விடியற்காலையில் தேங்காய்த் தொட்டிக் கங்குகளை இஸ்திரிப் பெட்டியில் அள்ளிப் போட்டு, விசிறி விசிறி, ஒரு மடிப்பு விடாமல் தேய்த்தார். சின்ன அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பித்தளைப் பொத்தான்களைச் சாம்பலால் துலக்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் அது. விஷயம் வெளியே வந்தால் அதன் கல்யாணம்தான் நிற்கும். ஆனாலும் பளபளவென்று துலக்கியது.

முழங்காலுக்குக் கீழ் வரை வந்த வெள்ளைக் கவுன். இரண்டு தோளிலும் மூன்று மூன்று நட்சத்திரம். அதுவரை நான் அத்தையைச் சேலையில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அப்பா எழுந்து வந்தார்.

"இப்படியேவா போற?"

"இப்படியேதாண்ணே. அந்தப் பையன் கடைசியாப் பாத்தது இந்த உடுப்பைத்தான். மாறுவேசம் போட்டுக்கிட்டு அவன் அம்மா முன்னாடி நிக்க எனக்கு வராது." பிறகு என்னைப் பார்த்து, "குட்டி, நீ வரியா தொணைக்கு?" என்றார். நான் செருப்புக்கூடப் போடாமல் வாசலில் நின்றேன்.

அப்போது கரி ரயில். ஓ.டி.யிலிருந்து ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அத்தை உடுப்பின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டி முழுக்க அவரையே பார்த்தது. கூடையில் கருவாடு வைத்திருந்த ஒரு பரங்கிப்பேட்டை அம்மாள் துணிந்து, "நீ டாக்டரா, போலீசாம்மா?" என்று கேட்டாள். "மிலிட்டரிம்மா. நர்ஸு" என்றார் அத்தை. ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரிடம் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அந்த அம்மாள் தன் கூடையை நகர்த்தி, உடுப்பில் பட்டுவிடாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

சிதம்பரத்தில் மேல வீதியைத் தாண்டி ஒரு சந்து. ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் ஈரச் சாக்கின் மேல் மல்லியும் கனகாம்பரமும் மருவும் குவியல் குவியலாக இருந்தன. அந்த அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் பட்டாளத்து உடுப்பில் பையனின் படம். படத்துக்கு மாலை இல்லை. வீடு முழுக்கப் பூ இருந்தும் அந்தப் படத்தில் ஒரு பூ இல்லாதது சின்னப் பிள்ளையான எனக்கே உறுத்தியது.

அத்தை தான் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னார். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. பூ கட்டுவதையும் நிறுத்தவில்லை. விரல்கள் பாட்டுக்குப் பூவை எடுத்து வைத்துச் சுற்றின.

"எல்லாரும் வந்தாங்க. கலெக்டர் ஆபீசுலேருந்துகூட வந்தாங்க" என்றார். "வீரமாச் செத்தான்னு சொன்னாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன். ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தெரியல."

"கேளுங்கம்மா."

"அவன் வாய்ல பால் ஊத்துனாங்களா?"

நம் வீடுகளிலும் உண்டே, உயிர் பிரியும்போது வாயில் பால் விடுவது. பெற்றவர்களோ பிள்ளைகளோ ரத்த உறவில் ஒருவர் விட வேண்டும். அது இல்லாமல் போனவன் நா வறண்டு அலைவான் என்று அவர்கள் வீட்டில் நம்பிக்கை. உடம்பும் ஊருக்கு வரவில்லை. பால் தெளிக்க எலும்புகூட இல்லை. அதனால்தான் அந்த அம்மாள் படத்துக்கு மாலை போடவில்லை. மகன் இன்னும் போய்ச் சேரவில்லை என்று இருந்தார்.

அத்தை கவுனோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "ஊத்துனாங்கம்மா" என்றார்.

விரல்கள் நின்றன. "யாரு?"

"நான்தாம்மா."

பிறகு முழுதும் சொன்னார். பையனுக்கு வயிற்றில் அடி. வயிற்றில் அடிபட்டவனுக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பான். அத்தை இல்லை இல்லை என்று சொல்லி, ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருப்பார். "என்னைத் திட்டுவான்மா. நல்லாத் திட்டுவான். தமிழ்ல திட்டுனா எனக்கு மட்டுந்தான புரியும்." அந்த அம்மாள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. திட்டி முடித்ததும் அம்மாவைப் பற்றிப் பேசுவானாம். அம்மா வாழைநாரைப் பல்லால் கடித்து இழுப்பாள், தீபாவளிக்கும் கையில் மருவு வாசனைதான் வரும் என்றெல்லாம். ஒரு காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி அவன் என்ன கேட்டாலும் கொடுக்கலாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். என்ன அர்த்தம் என்று அத்தைக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"எனக்குப் பால் ஊத்த ஆளில்லியே மேடம்னு சொன்னான். நான் இருக்கேன்டா தம்பின்னேன். வார்டு சமையக்கட்டுலேருந்து பால் கொண்டாரச் சொல்லி, ஸ்பூனால ஊத்துனேன். முழுங்குனாம்மா. ரெண்டாவது தடவையும் முழுங்குனான். எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க, அது இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கும்னான். நான் வேதக்காரி. உங்க முறை எனக்குச் சரியாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி செஞ்சேன்."

அந்த அம்மாள் அத்தையின் வலது கையை இழுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பயமாக இருந்தது. ஆனால் முடிந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. எழுந்துபோய் முகம் கழுவி வந்து, மடியில் பாதி கட்டியிருந்த சரத்தை முடித்து, படத்துக்குப் போட்டார்.

மீதிப் பூவை அத்தை தலையில் வைக்க வந்தார். "உடுப்புல இருக்கும்போது பூ வைக்கக் கூடாதும்மா, சட்டம்" என்று அத்தை சொன்னதும், அத்தனையும் என் தலைக்கு வந்தது. கழுத்து ஒடிகிற மாதிரி பூ. ரயிலில் திரும்பும்போது, பரங்கிப்பேட்டை தாண்டியதும் அத்தை, "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவுங்ககிட்ட கேட்டிருக்கணும், இல்ல குட்டி?" என்றார். அப்புறம் அவரே, "எப்படிக் கேக்குறது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா பயந்தது பயந்தபடியே நடந்தது. மறுநாள் காலையில் அந்த அம்மாள் பூக்கூடையோடு போன வாசல் தோறும் சொல்லியிருக்கிறார். சந்தோசத்தில் சொல்லியிருக்கிறார், பாவம். எம்புள்ளைக்குப் பால் ஊத்துன பொண்ணு வந்துச்சு, கடலூர் ஓ.டி., மிலிட்டரியில ஆபீசர், வெள்ளை உடுப்பு, தோள்ல நட்சத்திரம். மாப்பிள்ளை வீட்டுக்கும் அவர்தான் பூ. அவர்கள் சாமி படத்துக்குத் தினமும் ஒரு முழம். பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"மடம்னு சொன்னீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "நானும் என் ஒறமொறை பூரா அப்படியே சொல்லிவச்சேன். இப்ப பூக்காரம்மா சொல்லித்தான் எனக்கு என் சம்பந்தி வீடு தெரிய வேண்டியிருக்கு. இதுலயே பொய்யின்னா இன்னும் எதுல எதுல பொய்யோ?"

பெரிய அத்தை முன்னால் வந்து, "தப்பு என்னால வந்தது. என் தங்கச்சி மேல..." என்று தொடங்கியதும், அடுக்களையிலிருந்து சின்ன அத்தை வெளியே வந்தது. பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராத பிள்ளை அது.

"அக்கா பேச வேணாம். நான் பேசுறேன்" என்றது. "அண்ணன் பொய் சொன்னது எனக்காக. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்குறேன். அக்கா பட்டாளத்துல இருக்குறதுக்கு நாங்க யாரும் மன்னிப்பு கேக்க மாட்டோம். அக்காவை மறைச்சாத்தான் எனக்குக் கல்யாணம்னா, இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை எடுத்தார்.

"இவருதான் குதிக்கிறாரு" என்றார் புருசனைக் காட்டி. "நானும் முந்தாநாள் வரைக்கும் குதிச்சேன். சம்பந்தத்தை முறிச்சுக்கலாம்னு வாசல்ல நின்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். பூக்காரம்மா கேட்டுட்டா. கூடையை எறக்கி வச்சா. 'என் பொண்ணோட தங்கச்சியை வேணான்னு சொல்ற வீடு எது, இதுவா? இன்னைலேருந்து இந்த வாசலுக்குப் பூ கெடயாது. ஒங்க சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா. மூணு நாளா மாதா படம் மொட்டையா இருக்கு." காபியைக் குடித்துவிட்டுப் பெரிய அத்தையைப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு என்ன நடந்துச்சு? நீயே சொல்லு. ஒன் வாயால கேக்கணும்."

அத்தை சொன்னார். சிதம்பரத்தில் சொன்ன அதே மாதிரி, கூட்டாமல் குறைக்காமல். அப்பா சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தங்கை ராணுவத்தில் என்ன செய்கிறாள் என்பதை அவர் அன்றுதான் கேட்கிறார். அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. அத்தை முடிப்பதற்குள் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். மூக்கைச் சிந்தும் சத்தம் கூடம் வரை வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தீர்ப்புச் சொன்னார். "பொய் சொன்னதுக்கு அபராதம் உண்டு. கல்யாணத்துக்கு இந்தப் பொண்ணு சேலையில வரக்கூடாது. அந்த உடுப்புலதான் வரணும். எங்க சனம் பூரா பாக்கணும்."

கல்யாணம் நம் கோவிலில் நடந்தது. உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். கவுனைப் பார்த்து மடத்து உடுப்பு என்றே நினைத்திருப்பீர்கள், சாப்பாட்டு அவசரத்தில் நட்சத்திரத்தை யார் பார்த்தீர்கள்? அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சிதம்பரம் அழைத்துப்போனோம். வீடு நிறைய அவர்கள் சனம். வாசலிலிருந்து உள்வாசல் வரை பூக்கார அம்மாள் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார். அவரும் புதுச்சேலை கட்டி, பெண் வீட்டார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பால் கிண்ணத்தை எடுத்து நேராகப் பெரிய அத்தை கையில் கொடுத்துவிட்டார். உடனே மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்தார். "என்னடி இது? கல்யாணம் ஆவாத பொண்ணு. ஆஸ்பத்திரியில பொணம் தொட்ட கை. நல்ல காரியத்துக்கு அந்தக் கையாலயா பால் கொடுக்கறது? யாரு இது?"

அத்தை கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனார். பூக்கார அம்மாள் வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கும் முன்னால் என் அப்பா நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார். கலெக்டர் ஆபீஸ் பியூனிடம்கூடக் குரலை உயர்த்தாத மனுசன்.

"நான் சொல்றேன் யாருன்னு" என்றார். "மடமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது நான் சொன்ன பொய். இது என் தங்கச்சி. இந்திய ராணுவத்துல கேப்டன். சிப்பாயிங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு சல்யூட் அடிக்கணும் இதுக்கு. இந்த ஊருப் புள்ள ஒருத்தன், பெத்தவங்க பக்கத்துல இல்லாம, நாக்கு வறண்டு கெடந்தான். அவனுக்கு அம்மா எடத்துல இருந்து பால் ஊத்துன கை இது. உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். அவர் சொன்னார். பஞ்சு, உதடு, திட்டு, ஸ்பூன், எதையும் விடவில்லை. அத்தை சொல்லாத இரண்டு பீரங்கிக் குண்டுகளை ஆஸ்பத்திரிக் கூரைமேல் அவரே போட்டுக்கொண்டார். அத்தை அவரைத் திருத்தவில்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. கதை முடிந்ததும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறுறதுக்குள்ள கொடும்மா" என்றார்.

அப்பா அந்தக் கதையை முதல் தடவை சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னார், அடுத்த வருஷமே அத்தை பெயர் இரண்டாவது வரிசைக்குப் போயிற்று; ஆனாலும் ஊர் வாயில் பழைய மடத்துக் கதையே ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைத்தான் சொன்னார். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. என்னை அம்மா என்றும், அம்மாவை யாரோ அடுத்த வீட்டுக்காரி என்றும் நினைத்தார். ஊசி போட வந்த இளம் டாக்டர் ஒருநாள் பேச்சுக்கொடுக்க, "ஐயா பேரு என்ன?" என்று கேட்டார். அப்பா யோசித்து யோசித்துப் பார்த்தார். வரவில்லை. பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, "அது கெடக்கட்டும். என் தங்கச்சி யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்தார்.